செம்பருத்திக்கு என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துப் பிடிக்கும் வழி

செம்பருத்தி சாகவே சாகாது என்று சொல்லித்தான் நர்சரியில் விற்பார்கள். அது பாதி உண்மை. சட்டென்று சாகாது, ஆனால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு குறையோடுதான் நிற்கும். மதுரையில் 11 வருடமாக மொட்டை மாடித் தொட்டிகளிலும், கீழே காம்பவுண்டு சுவர் ஓரம் தரையிலும் வைத்து வளர்க்கிறேன். இதில் நான் இழந்த செடிகளில் பாதிக்கு மேல் பூச்சியால் சாகவில்லை. நான் ஊற்றிய தண்ணீரால் செத்தன.

அதனால் இங்கே மருந்து கடைசியில்தான் வரும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் செடியின் இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம், பூவைச் சாமிக்கு வைக்கிறோம், இதழைக் காயவைத்து டீ போட்டுக் குடிக்கிறோம். செடிக்குள் ஊடுருவி வாரக்கணக்கில் நிற்கிற மருந்தை இதன்மேல் அடிக்க எனக்கு மனசு வருவதில்லை.

இதன் சொந்தபந்தம் தெரிந்தால் பாதிக் கோளாறு தானாகப் புரிந்துவிடும். வெண்டை, பருத்தி, பூவரசு, ரோட்டோரத் துத்தி எல்லாம் இதற்கு ஒரே குடும்பம். சதுப்பு நிலத்தில் வளரும் சீமைத்துத்தியும் அப்படித்தான். மார்ஷ்மெல்லோ மிட்டாய்க்கு அந்தப் பெயர் வந்ததே அதனிடமிருந்துதான். அதன் வேரில் இருக்கும் வழவழப்பை வைத்துத்தான் முதலில் அந்த மிட்டாயைச் செய்தார்கள். செம்பருத்தி இலையைக் கசக்கும்போது கையில் ஒட்டுகிற கொழகொழப்பும் அதே ஜாதிதான். வெண்டைக்கும் பருத்திக்கும் வருகிற பூச்சிகளில் பல இதற்கும் வரும். பக்கத்துத் தொட்டியில் வெண்டைக்காய் போட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எதுவும் செய்வதற்கு முன்

காலை 8 மணிக்குள் செடியைப் பாருங்கள். கத்தரி வெயிலில் மத்தியானம் பார்த்தால் மதுரையில் எல்லாச் செடியும் நோயாளி மாதிரிதான் தெரியும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு ஈரம் பாருங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் ஆகாது. பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

இலை மஞ்சளாகிறது

செம்பருத்தி வைத்திருக்கிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எந்த இலை மஞ்சளாகிறது என்பதை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அடியில் இருக்கும் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். வயதான இலை விழுகிறது. குளிர் குறைந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில் நாலைந்து சேர்ந்து விழுவதும் உண்டு.

அடி இலைகள் வரிசையாக, இலை முழுக்க ஒரே மாதிரி வெளுத்து மஞ்சளாகி, செடியும் வளராமல் நின்றால் அது பசி. தழைச்சத்து போதவில்லை. தொட்டிச் செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள். இல்லையென்றால் கடலைப் பிண்ணாக்கை ஒருநாள் ஊறவைத்து, 10 மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். நாற்றம் அடிக்கும், இரண்டு நாளில் போய்விடும்.

நுனியில் இருக்கும் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மதுரையில் மஞ்சள் இலை என்றாலே பெரும்பாலும் இதுதான். மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடிவதில்லை. நம்ம போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற மண் காரமாகிறது, காரமான மண்ணில் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. காம்பவுண்டு சுவர் ஓரச் செடிக்கு இது இன்னும் மோசம். வீடு கட்டும்போது கொட்டின சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் அந்த மண்ணுக்கு அடியில்தான் கிடக்கும். என் வீட்டில் ஒரு அடி தோண்டியதும் செங்கல் துண்டுதான் வந்தது.

இதற்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். இரும்பு சல்பேட்தான் அது, இளம்பச்சைக் கட்டியாக இருக்கும். பழுப்பாகிப்போனதை வாங்காதீர்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, வடிகட்டி, சாயங்காலம் இலையின் இருபக்கமும் நனையத் தெளியுங்கள். மல்லிகைத் தோட்டத்திலும் இலை வெளுத்தால் இதே அளவில்தான் அடிப்பார்கள். இரண்டு வாரத்தில் புது இலை பச்சையாக வர வேண்டும். பழைய மஞ்சள் இலை முழுசாகத் திரும்பாது, அதற்காக மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். டைல்ஸ் தரையில் இந்தத் தண்ணீர் சிந்தினால் துருக்கறை போகவே போகாது. எங்கள் வீட்டு மாடிப்படியில் மூன்று வருடமாக ஒரு கறை இருக்கிறது.

தெளித்தால் தற்காலிகமாகத்தான் சரியாகும். தண்ணீரை மாற்றாமல் வேறு எது செய்தாலும் மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடும். மாநகராட்சி வைகைத் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் செடிக்கென்று பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காது, ராத்திரி ஒரு பக்கெட் வைத்தால் போதும். அரிசி கழுவின தண்ணீரும் நல்லது. மழை பெய்தால் தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து வெளியே தள்ளிவிடுங்கள்.

எல்லா இலையும் சேர்ந்து மஞ்சளாகி, மண் சொதசொதவென்று இருந்தால் அது வேர் அழுகல். கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இலை ஓரம் கருகிக் காய்கிறது

இலை பச்சைதான், ஓரம் மட்டும் நெருப்பில் காட்டின மாதிரி பழுப்பாகிறது. அந்தப் பழுப்பு மெல்ல உள்ளே நகர்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், உப்பு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் குழாய் போட்டு நேராகத் தொட்டிகளுக்கு விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பெருமையாகக் காட்டினேன். நாலு மாதத்தில் ஆறு செடி ஓரம் கருகியது, இரண்டு செத்தே போனது. யோசித்தால் சிரிப்பு வருகிறது. குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு எல்லாம் அந்த வெளியேறும் தண்ணீரில்தானே இருக்கும்! அது பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், செடிக்கு ஆகாது. போர் தண்ணீரை சாஃப்ட்னரில் விட்டு மென்மையாக்குகிற வீடுகளில் இன்னொரு சிக்கல். சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிற மெஷின் அது. சோப்பு நன்றாக நுரைக்கும், செடி கருகும். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

உப்பு ஏறின தொட்டியைக் கழுவ முடியும். 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல், அரை மணி நேரம் விட்டுவிட்டு மூன்று தடவையாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக எல்லாம் வெளியேற விடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வடிந்த உப்புத் தண்ணீரையே செடி திரும்ப உறிஞ்சும். ஒரு வாரம் உரம் வேண்டாம். தென்னை நார்க் கழிவு கலக்கிறவர்கள் அதையும் இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து கலக்க வேண்டும். அலசாத கட்டியில் உப்பு அதிகம்.

நுனி சுருண்டு கொத்தாகிறது, வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது

மாவுப்பூச்சி. செம்பருத்தி வளர்க்கிறவர்களில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது. வெயில் ஏறும் மாசியில் ஆரம்பித்து ஆனி, ஆடி வரைக்கும் ஆட்டம் போடும். சாறு உறிஞ்சும்போது அதன் எச்சில் பட்டு நுனி இலை முறுக்கிக்கொண்டு, முட்டைகோஸ் மாதிரி கொத்தாக நின்றுவிடும். அந்த நுனி இனிமேல் விரியாது.

முதலில் அந்தக் கொத்தைக் கீழே அரை அடி சேர்த்து வெட்டி, நேராகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, வெயிலில் வையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வீசினால் காலிமனையில் நிற்கும் துத்தியிலும் பார்த்தீனியத்திலும் ஏறிக் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பி வரும். அடுத்து ஹோஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தி, வேகமாக இலையடியில் பீய்ச்சுங்கள். மூன்று நாளைக்கு ஒருதடவை, இரண்டு வாரம். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதால் முதலில் எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் குழைத்து, பால் மாதிரி ஆன பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து ஒரு இலையில் மட்டும் படிந்து அந்த இலை வெந்துபோகும். பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். வாரம் ஒன்று, மூன்று வாரம். ஹைபிரிட் செடியாக இருந்தால் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து திரும்பத் திரும்ப வருகிறதென்றால் எறும்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கிக்கொண்டுபோய் விடும், அதைத் தின்ன வருகிற பூச்சியை விரட்டும். எறும்பைத் தடுத்தால் மாவுப்பூச்சிக்கு ஆள் துணை போய்விடும். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே வித்தைதான். தொட்டியை மூன்று செங்கல்மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். ஆனால் தட்டுத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டை வைக்கும், அதனால் வாரம் இரண்டு தடவை கொட்டிக் கழுவ வேண்டும். அது முடியாது என்றால் தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். கிரீஸைத் தண்டில் நேராகப் பூசாதீர்கள். செடியின் கிளை சுவரையோ துணிக்கொடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் கீழே என்ன செய்தாலும் வீண், எறும்பு பாலத்தில் வரும்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் மாடியிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, பெரிய பெரிய மாவுப்பூச்சியா நாலஞ்சு வேகமா ஓடுச்சு, அத்தனையும் நசுக்கிட்டேன்!" எனக்கு வயிறு எரிந்தது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. அவர் நசுக்கினது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்கிற அந்தப் புழு அதே மாதிரி வெள்ளை மாவு பூசிக்கொண்டு, நீளநீளமாக நூல் தொங்க, இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். வளர்ந்த வண்டு சின்னதாக, கருப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். 1898ல் காப்பித் தோட்டத்துப் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் பார்த்தால் வேப்பெண்ணெயைக்கூட நிறுத்திவிட்டு இரண்டு வாரம் சும்மா இருங்கள்.

சும்மா இருப்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2008ல் கோவைப் பக்கம் தலைகாட்டின பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் நாசம் செய்தது, செம்பருத்தியையும் விடவில்லை. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவியும் நம் தோட்டத்தில் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

மொட்டு விரியாமலே உதிர்கிறது

மொட்டு கட்டுகிறது, ஆசையாகப் பார்க்கிறோம், மறுநாள் காலையில் மஞ்சளாகிக் கீழே கிடக்கிறது. கீழே விழுந்ததை எடுத்துப் பிளேடால் நீளவாக்கில் கீறி வெள்ளைத் தாளில் உதறுங்கள்.

உள்ளே அரிசி நொய்யைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிந்தால், சில சமயம் துள்ளிக் குதித்தால், அது மொட்டு ஈயின் புழு. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மல்லிகை மொட்டைத் துளைத்துச் செந்நீலமாக்கி விவசாயியின் வயிற்றில் அடிக்கிற அதே ஈதான் இது. ஈ மொட்டுக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளே தின்று வளரும், மொட்டு விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் மொட்டில் மருந்தடித்துப் பெரிய பலன் இல்லை, புழு பத்திரமாக உள்ளே இருக்கிறது. விழுந்த மொட்டையும் மஞ்சளான மொட்டையும் தினமும் காலையில் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. மேல்மண்ணைக் கிளறி வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். ஒரு மாதம் விடாமல் பொறுக்கினால் அடங்கும். நான் பத்து நாள் பொறுக்கிவிட்டு விட்டதால் இரண்டு தடவை தோற்றேன்.

புழு இல்லையென்றால், மொட்டின் நுனி பழுப்பாகி, தாளில் தட்டினால் மெல்லிய கோடு மாதிரி இலைப்பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்குத் தண்ணீர் பீய்ச்சலும் வேப்பெண்ணெயும் போதும். அதுவும் இல்லையா? அப்படியென்றால் தண்ணீர். ஒருநாள் காய்ந்து மறுநாள் குளித்தால் செடி மொட்டைத்தான் முதலில் கைவிடும். ஊருக்குப் போய்விட்டு வந்த வாரம் மொட்டு கொட்டுவது இதனால்தான். தொட்டியை இடம் மாற்றினாலும், நர்சரியிலிருந்து கொண்டுவந்த முதல் மாதமும் கொட்டும். அடுக்குச் செம்பருத்தி நாட்டு ஒற்றைச் செம்பருத்தியைவிட அதிகம் கொட்டுவதாகத்தான் என் அனுபவம்.

இலைமேல் கரி பூசின மாதிரி

விரலால் தேய்த்தால் வருகிறதா? கரும்பூசணம். மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ கழித்த இனிப்பின்மேல் வளர்வது. மேல் கிளையில் பூச்சி இருக்கும், கீழ் இலை கருப்பாகும், அதனால் தலையைத் தூக்கிப் பாருங்கள். பூச்சி போனால் இதுவும் போகும். அவசரமென்றால் நீர்த்த சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, உப்புப் போடாமல், வெயில் நாளில் இலைமேல் தெளியுங்கள். காய்ந்ததும் கரியோடு சேர்ந்து தோல் மாதிரி உரிந்து விழும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருவது. வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், அதோடு கதை முடியும். வேர் அழுகினால் தண்ணீருக்குள் நின்றாலும் செடிக்குத் தாகம்தான். தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைக் கம்பியால் குத்துங்கள், பெரும்பாலும் அடைத்திருக்கும். செடியை உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகினது பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று வரும், நாறும். அழுகினதை வெட்டி, மேல் கிளையையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, புது மண்ணில் வைத்து நிழலில் விடுங்கள். பாதிக்குப் பாதிதான் பிழைக்கும்.

திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் தரையில் வைக்கிறவர்கள் குழி தோண்டி அதற்குள் வைக்காமல், முக்கால் அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். கரிசலில் குழி வெட்டினால் அது சின்னக் கிணறு.

இலை கொழுகொழுவென்று, பூ மட்டும் இல்லை

சாணமும் பிண்ணாக்கும் அதிகம், அல்லது வெயில் குறைவு. 5, 6 மணி நேர நேர்வெயில் இல்லாமல் செம்பருத்தி பூக்காது. பக்கத்தில் இரண்டு மாடி எழும்பினால் செடி இடம் மாற வேண்டியதுதான். இன்னொன்று, பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும். வெட்டாமல் விட்ட செடி ஆள் உயரத்துக்கு மேல் போய், எட்டாத உயரத்தில் இரண்டு பூ வைத்திருக்கும். தை கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். சித்திரையில் வெட்டாதீர்கள், வெட்டின தண்டு வெயிலில் காய்ந்து இறங்கும்.

சில்லறைத் தொல்லைகள்

மே மாதம் மத்தியானம் இலை தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் தண்ணீர் வேண்டாம். நிமிராவிட்டால்தான் வேண்டும். சிமெண்ட் தளம் கொதிப்பதால் தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றினாலே பாதி பிழைக்கும். இலை தூசி படிந்த மாதிரி வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன், இலையடியில் தண்ணீர் பீய்ச்சினால் போகும். அந்த வெயிலில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். இலை பீடி மாதிரி சுருண்டிருந்தால் உள்ளே பச்சைப்புழு இருக்கும், விரலால் நசுக்கினால் முடிந்தது. கோடையில் பூ சின்னதாக வருவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பூ ஒரே நாளில் வாடுகிறதே என்பதும் கோளாறு இல்லை, அதன் ஆயுசே அவ்வளவுதான்.

இதில் எதிலும் அடங்காத கோளாறு என்றால், இலையும் தண்டும் வேரும் கொஞ்சம் எடுத்து ஈரமில்லாத காகிதத்தில் சுற்றி, ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். போனில் படம் அனுப்பிக் கேட்பதைவிட அது மேல்.

காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால்

செடி முழுசாகச் சாவதற்கு முன், இன்னும் பச்சையாக இருக்கும் கிளையில் பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி இருந்த செடி என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, மணலும் அலசின நார்க் கழிவும் சரிபாதி கலந்து, இரண்டு கணு உள்ளே போகும்படி நடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் சுலபமாக வரும். நிழலில் வைத்து, மண் காயாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும், தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள். முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி அடர்த்தியாகும் என்பார்கள். சரிதான், ஆனால் நான் ஒருதடவைகூடக் கிள்ளினது இல்லை.